கைக்குட்டைக்குள் ஒரு கேள்வி

1901 செப்டம்பர் 6. அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் பெரிய பொருட்காட்சி. ‘இசைக் கோயில்’ என்று பெயரிட்ட மண்டபத்தில் ஜனாதிபதி வில்லியம் மெக்கின்லியோடு கைகுலுக்க ஜனங்கள் வரிசைகட்டி நின்றார்கள். இந்தக் கைகுலுக்கல் வேண்டாமே என்று அவருடைய செயலாளர் கார்டெல்யூ நிகழ்ச்சி நிரலிலிருந்து இரண்டு தடவை அதை அடித்துப் பார்த்தார். மெக்கின்லிக்கோ ஜனங்களின் கையைப் பற்றிக் குலுக்குவதில் கொள்ளை ஆசை. இரண்டு தடவையும் திரும்பச் சேர்த்துவிட்டார். ஜனாதிபதியை நெருங்குகிறவர்களின் உள்ளங்கை வெறுமையாகத் தெரியவேண்டும் என்பது காவலர்களின் வழக்கமான விதி. அன்றைக்குப் பார்த்து ஒரே புழுக்கம். ஆளாளுக்குக் கைக்குட்டையை எடுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்ததால் விதி கொஞ்சம் தளர்ந்தது. வரிசையில் வந்த ஒரு இளைஞனின் வலது கையில் கைக்குட்டை கட்டுப்போட்டதுபோல் சுற்றியிருந்தது. யாரும் அவனை நிறுத்தவில்லை.

கைக்குட்டைக்குள் இருந்தது ரிவால்வர்.

இரண்டு குண்டுகள். எட்டாம் நாள் மெக்கின்லி இறந்தார். சுட்டவன் பெயர் லியோன் சோல்கோஷ். தான் ஒரு அராஜகவாதி என்றான். நம் ஊரில் அராஜகம் என்றால் அடாவடி என்று ஆகிவிட்டது. அங்கே அப்போது அது ஒரு கொள்கையின் பெயர். அரசு என்ற ஒன்றே மனிதனுக்குத் தேவையில்லை என்பது அதன் சாரம். அப்படிச் சொன்னவர்களில் புத்தகமும் கையுமாக இருந்த சாதுக்களும் உண்டு, வெடிகுண்டு கட்டியவர்களும் உண்டு. முந்தின ஆண்டுதான் நியூ ஜெர்சியின் பாட்டர்சன் ஊரில் நெசவு வேலை பார்த்த இத்தாலியர் ஒருவர் தாய்நாட்டுக்குக் கப்பலேறிப் போய் மன்னர் உம்பர்டோவைச் சுட்டுக் கொன்றிருந்தார். இப்போது வாயில் நுழையாத பெயரோடு இன்னொருவன். வெளிநாட்டுச் சரக்கை இனி துறைமுகத்திலேயே தடுத்தாகவேண்டும் என்று பத்திரிகைகள் கொதித்தன. அந்தக் கொதிப்பில் ஒரு சின்ன விவரம் ஆவியாகிப் போயிற்று.

சோல்கோஷ் வெளிநாட்டான் இல்லை. பெற்றோர் போலந்திலிருந்து வந்தவர்கள். அவன் பிறந்தது மிச்சிகன் மாநிலத்தில். பிறப்பாலேயே அமெரிக்கப் பிரஜை. துறைமுகத்தில் எத்தனை பூட்டுப் போட்டிருந்தாலும் அவனை அது தடுத்திருக்காது. அக்டோபர் 29 அன்று அவனை மின்சார நாற்காலியில் உட்காரவைத்துக் கதையை முடித்தார்கள். சட்டத்தின் கதை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

மெக்கின்லியின் நாற்காலிக்கு வந்த தியோடர் ரூஸ்வெல்ட், டிசம்பரில் காங்கிரஸுக்கு அனுப்பிய முதல் உரையிலேயே அராஜகவாதிகளை உள்ளே விடக்கூடாது என்று கேட்டார். 1903 மார்ச் 3 அன்று சட்டம் வந்தது. அரசைப் பலாத்காரத்தால் கவிழ்க்கலாம் என்று சொல்கிறவர், சொல்லாமல் வெறுமனே நம்புகிறவர், அரசு எதுவுமே வேண்டாம் என்கிறவர் — எவருக்கும் அனுமதி இல்லை. தப்பி நுழைந்தாலும் மூன்று ஆண்டுக்குள் பிடித்துத் திருப்பி அனுப்பலாம். ஒருவர் செய்த காரியத்துக்காக அல்லாமல் அவர் மனசில் இருக்கும் கொள்கைக்காகவே கதவைச் சாத்தும் சட்டம்.

மனசில் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதிகாரிகள் அதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையின் உச்சம். கப்பல் பயணிகள் பட்டியலில் பெயர், வயது, தொழில், கையிருப்பு எவ்வளவு என்ற கட்டங்களோடு இன்னொரு கட்டத்தையும் சேர்த்தார்கள். ‘நீர் அராஜகவாதியா?’ ‘ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் உண்டா?’ என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே அது உட்கார்ந்துகொண்டது. நீ திருடனா என்று திருடனிடமே கேட்கிற கதைதான். பட்டியல் பட்டியலாக, நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில் இறங்கிய லட்சக்கணக்கானவர்களின் பெயர்களுக்கு நேரே ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டே போனார்கள் எழுத்தர்கள். அந்த ஆண்டே ஒரு மனிதர் ‘ஆமாம்’ என்றார்.

ஜான் டர்னர் ஆங்கிலேயர். லண்டனில் கடைச் சிப்பந்திகளுக்குச் சங்கம் கட்டியவர். குடியேறும் எண்ணமெல்லாம் கிடையாது. சில மாதம் பேசிவிட்டு ஊர் திரும்புவதாக ஏற்பாடு. 1903 அக்டோபர் 23 இரவு நியூயார்க்கில் ஒரு மண்டபத்தில் தொழிற்சங்கம் பற்றிப் பேசி முடித்தார். அதிகாரிகள் மேடைக்கே வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். குண்டும் இல்லை, கத்தியும் இல்லை. விசாரணையில், தான் அராஜகவாதிதான் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் எல்லிஸ் தீவில் அடைந்து கிடந்தார் மனிதர்.

வெளியே அவருக்காக ஓடியாடிப் பணம் திரட்டிய பெண்ணை ஊரார் மிஸ் ஸ்மித் என்று அறிந்திருந்தார்கள். உண்மைப் பெயரைச் சொன்னால் வாடகைக்கு அறைகூடக் கிடைக்காது. எம்மா கோல்ட்மன் — சோல்கோஷ் ஒரே ஒரு தடவை க்ளீவ்லாந்தில் அவர் பேச்சைக் கேட்டதாகச் சொன்ன பாவத்துக்கு, மெக்கின்லி கொலையில் இரண்டு வாரம் சிறையிருந்து, ஆதாரம் இல்லாமல் விடுதலையானவர். டர்னருக்கு வாதாட அமர்ந்த வக்கீல்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் கிளாரன்ஸ் டேரோ. இன்னொருவர் எட்கர் லீ மாஸ்டர்ஸ். பின்னாளில் கவிஞராகப் புகழ்பெற்றவர். பேச்சுரிமை அரசியல் சாசனத்திலேயே இருக்கிறதே என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்கள்.

1904 மே 16 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே குரல். சட்டம் தடுத்த பிறகும் உள்ளே வர முயன்ற அந்நியருக்கு, இந்த நாட்டு மக்களுக்கு உள்ள உரிமைகள் ஒட்டிக்கொள்ளாது. அவர் யோசிப்பதோடு நிற்கும் சாதுவான அராஜகவாதியாக இருந்தாலும் சரி. டர்னர் அந்தத் தீர்ப்பைக் கேட்க அங்கே இல்லை; முன்னதாகவே இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டார். கட்டம் நிலைத்துவிட்டது.

அடுத்த பத்தாண்டில் அது ஒரு இந்தியரையும் தேடி வந்தது. ஸ்டான்ஃபோர்டில் இந்தியத் தத்துவம் கற்பித்து, பிறகு கதர் கட்சியை மூட்டிவிட்ட லாலா ஹர்தயாள், 1914 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் கைதானார். அவர் எதிர்த்தது பிரிட்டிஷ் அரசை. பிடித்தது அமெரிக்க அராஜகவாதச் சட்டம். பிணையில் வந்தவர் வழக்கு முடியக் காத்திருக்கவில்லை, ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். பிறகு பெர்லினில், நம் செண்பகராமன் பிள்ளை இருந்த அதே இந்தியப் புரட்சிக் குழுவில் போய்ச் சேர்ந்தார். நாடுகடத்தப் பார்த்தவர்களுக்கு அவரே அந்த வேலையை மிச்சப்படுத்திவிட்டார்.

எம்மா கோல்ட்மனை அப்படி எளிதாக அனுப்பிவிட முடியவில்லை. அவர் 1885லேயே வந்தவர். 1887ல் ஒரு பிரஜையை மணந்ததால், அன்றைய வழக்கப்படி அவரும் பிரஜை. அரசாங்கம் யோசித்து யோசித்து ஒரு சுற்றுவழி கண்டது. எப்போதோ பிரிந்துபோய் எங்கேயோ இருந்த கணவரின் குடியுரிமையைத் தோண்டி, அது முறைப்படி பெற்றதல்ல என்று 1909ல் ரத்துசெய்தது. கணவரோடு மனைவியின் பிரஜா உரிமையும் சத்தமில்லாமல் போயிற்று. பத்து வருஷம் அந்தக் காகிதம் கோப்புக்குள் உறங்கியது. 1917ல் கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பை எதிர்த்துப் பேசி எம்மா சிறைக்குப் போனார். 1919ல் வெளியே வந்தபோது அவருக்காக ஒரு இளைஞர் காத்திருந்தார். நீதித்துறையில் 24 வயதில் தீவிரவாதிகள் பிரிவைக் கட்டிக்கொண்டிருந்த அவர் பெயர் ஜே. எட்கர் ஹூவர்.

நேரம் ஹூவருக்குச் சாதகமாக இருந்தது. 1918ல் வந்த புதுச் சட்டம் பழைய காலக்கெடுவைத் தூக்கிவிட்டது. எத்தனை வருஷம் குடியிருந்தாலும் இனி அனுப்பலாம். 1919 ஜூனில் அட்டர்னி ஜெனரல் மிட்செல் பாமரின் வீட்டு வாசலில் குண்டு வெடித்து, வைக்க வந்தவனே சிதறிப்போனான். டிசம்பர் 21 விடியும் முன்னே, கொட்டும் குளிரில், புஃபோர்ட் என்ற பழைய ராணுவக் கப்பல் நியூயார்க்கை விட்டுக் கிளம்பியது. உள்ளே 246 ஆண்கள், 3 பெண்கள். பெரும்பாலோர் ரஷ்யத் தொழிலாளர் சங்க உறுப்பினர்கள். எங்கே போகிறோம் என்று யாருக்கும் சொல்லவில்லை. 34 வருஷம் அமெரிக்காவில் வாழ்ந்த எம்மாவை வழியனுப்ப ஹூவர் நேரிலேயே வந்திருந்தார். ஜனவரியில் ஃபின்லாந்தில் இறக்கி, ரயிலேற்றி, ரஷ்ய எல்லையில் விட்டார்கள். (அந்தக் கப்பலுக்கும் ஒரு பிற்காலம் வாய்த்தது. 1924ல் பஸ்டர் கீட்டனின் ‘தி நேவிகேட்டர்’ படத்தில் சிரிப்பு மூட்டியது இதே புஃபோர்ட்தான்.)

இந்த நாடுகடத்தல் ஒத்திகைதான். 1920 ஜனவரி 2 இரவு முப்பதுக்கு மேற்பட்ட நகரங்களில் ஒரே வேட்டை. ஆயிரக்கணக்கில் பிடித்துக் குவித்தார்கள். ஆனால் ஒரு நிர்வாகச் சிக்கலை பாமர் மறந்துவிட்டார். பிடிப்பது நீதித்துறை; நாடுகடத்தும் கையெழுத்தோ தொழிலாளர் துறையுடையது. அங்கே அப்போது பொறுப்பில் இருந்தவர் லூயிஸ் போஸ்ட் என்ற எழுபது வயதுப் பெரியவர். எம்மாவின் உத்தரவில் கையெழுத்துப் போட்டதே அவர்தான். ஆகவே யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை. அவர் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். படித்ததுதான் வினை. ஆதாரமில்லை, வக்கீல் இல்லை, சங்கத்தில் பெயர் இருப்பதே அந்த ஆளுக்குத் தெரியாது என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாரண்ட்டுகளைத் தள்ளுபடி செய்தார். அவரையே பதவிநீக்க வேண்டும் என்று காங்கிரஸில் கிளம்பினார்கள். விசாரணைக்குப் போய் உட்கார்ந்து பதில் சொன்னார் கிழவர், கேட்டவர்கள்தான் ஓய்ந்துபோனார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த குமாஸ்தா அவர்தான்.

கட்டத்துக்குள் இருந்த சொல் அதற்குப் பிறகு மெல்ல மாறியது. அராஜகவாதி பழசாகிவிட்டார். அந்த இடத்துக்குக் கம்யூனிஸ்ட் வந்தார். 1939ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்சியை விட்டு விலகியவரை நாடுகடத்தச் சட்டத்தில் இடமில்லை என்றது; ‘உறுப்பினராக இருக்கிறார்’ என்பதே சட்டத்தின் பொருளாம். சரி, இலக்கணம்தானே பிரச்சினை என்று 1940ல் காங்கிரஸ் நிகழ்காலத்தோடு இறந்தகாலத்தையும் சேர்த்துவிட்டது. எப்போதாவது இருந்திருந்தால் போதும். இந்தத் திருத்தத்துக்குக் குறியாக இருந்தவர் ஹாரி பிரிட்ஜஸ். மெல்போர்னில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்களை 1934ல் ஸ்தம்பிக்க வைத்தவர். அவர் பெயரையே குறிப்பிட்டு நாடுகடத்த ஒரு மசோதாவைப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய கூத்தும் நடந்தது. 1945ல் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் பிரிட்ஜஸ் ஜெயித்தார். நாட்டில் குடியிருக்கும் அந்நியருக்கும் பேச்சுரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பில் நீதிபதி டக்ளஸ் எழுதினார். டர்னருக்குக் கிடைக்காத வாக்கியம் அது.

ஏழே வருஷம்தான் அந்த நிம்மதி. 1952 மார்ச்சில் அதே நீதிமன்றம், கட்சியிலிருந்து எப்போதோ வெளியேறிவிட்டவர்களையும் நாடுகடத்தலாம் என்றது. செப்டம்பரில் சார்லி சாப்ளின் குடும்பத்தோடு லண்டனுக்குக் கப்பலேறினார். அமெரிக்காவில் நாற்பது வருஷம் இருந்தும் குடியுரிமை வாங்கிக்கொள்ளாதவர். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது செய்தி வந்தது. திரும்பும் அனுமதி ரத்து; வரவேண்டுமென்றால் விசாரணைக்கு வா. சாப்ளின் போகவில்லை. ஆஸ்கர் கௌரவத்துக்காக அவர் மறுபடி அங்கே கால்வைத்தது 1972ல்.

1990ல், பனிப்போர் முடிகிற நேரத்தில், காங்கிரஸ் இந்தப் பழைய தடைகளில் பலவற்றைக் கழற்றிப்போட்டது. கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு சின்னப் பிரிவு ஓசையில்லாமல் ஏறியிருந்தது. ஒரு அந்நியர் இருப்பது வெளியுறவுக் கொள்கைக்குப் பெரும் பாதகம் என்று வெளியுறவு அமைச்சர் கருதினால் அவரை நாடுகடத்தலாம். மெக்சிகோவின் முன்னாள் அதிகாரி ஒருவர் வழக்கில், இந்தப் பிரிவு தெளிவற்றது, செல்லாது என்று 1996ல் நியூ ஜெர்சி நீதிபதி ஒருவர் அடித்துத் தள்ளினார். முதலில் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் இங்கே வந்தது தவறு என்று மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பைக் கலைத்துவிட்டார்கள். பிரிவு பிழைத்துக்கொண்டது. அடித்துத் தள்ளிய நீதிபதியின் பெயர் மேரியன் டிரம்ப் பேரி. டொனால்ட் டிரம்ப்பின் அக்கா.

2025 மார்ச் 8 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகப் பாலஸ்தீன ஆதரவுப் போராட்டங்களில் முன்நின்ற ஒரு இளைஞரை நியூயார்க்கில் பிடித்தபோது, தம்பியின் அரசாங்கம் கையில் எடுத்தது அக்கா அடித்த அதே பிரிவைத்தான். அவர் கிரீன் கார்டு வைத்திருந்தவர். லூசியானாவில் 104 நாள் அடைபட்ட பிறகு நீதிமன்றம் வெளியே விட்டது.

எல்லிஸ் தீவின் அந்தக் கட்டம் என்னவாயிற்று? எங்கும் போகவில்லை. சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் கோப்பை நெஞ்சோடு அணைத்து நிற்கும் ஒவ்வொரு குடும்பமும் அதைக் கடந்துதான் வந்திருக்கிறது. விசா விண்ணப்பத்தின் கடைசிப் பக்கங்களில் வரும் பாதுகாப்புக் கேள்விகளின் வரிசை அது. உளவு பார்க்க வருகிறீரா, பயங்கரவாதச் செயலில் ஈடுபடுவீரா என்றெல்லாம் கேட்கும். பேரன் பிறந்ததைப் பார்க்கப் போகிற பாட்டியும் அதற்குப் பதில் சொல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் ‘நோ’ போட்டுவிடுங்கள் என்பார் படிவம் நிரப்பித் தருகிறவர். கிரீன் கார்டு விண்ணப்பத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் எப்போதாவது இருந்ததுண்டா என்ற இறந்தகாலம் இன்னும் இருக்கிறது. பலதார மணக் கேள்வியும் கூடவே இருக்கிறது. பொய்யாக ‘இல்லை’ போட்டது பின்னால் தெரிந்தால், அந்தப் பொய்யே வெளியேற்றக் காரணம்.

2019 முதல் விசா படிவத்தில் சமூக ஊடகக் கணக்குகளின் பெயரையும் கேட்கிறார்கள். 2025 ஜூனில், மாணவர் விசாவுக்கும் பரிமாற்ற விசாவுக்கும் விண்ணப்பிக்கிறவர்கள் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவேண்டும் என்று வெளியுறவுத் துறை அறிவித்தது. ‘இல்லை’ என்ற பதிலை இப்போது அதிகாரிகள் படித்துச் சரிபார்க்கிறார்கள்.