பேசாத பிள்ளையின் பார்வையை அளப்பது எப்படி?

தாம்பரம் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். இடக்கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எதிர் நடைமேடையின் பெயர்ப்பலகையைப் படியுங்கள்; பிறகு வலக்கண்ணை மூடிக்கொண்டு படியுங்கள். கண்ணாடி அணிபவர் கழற்ற வேண்டாம். சிலருக்கு ஒரு கண்ணில் எழுத்து கலங்கித் தெரியும். அதுவரை அவர்களே அதை அறிந்திருக்கமாட்டார்கள்!

இதற்கு ஒரு காரணம் 'சோம்பேறிக் கண்'. பெயர் பொருத்தமற்றது, கண் சோம்பியிருக்கவில்லை, மூளைதான் அதன் செய்தியை ஒதுக்குகிறது. மாறுகண் இருந்தாலோ, ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் குறை மிகுதியாக இருந்தாலோ, வளரும் மூளை மற்றக் கண்ணையே நம்பப் பழகிவிடும். ஹ்யூபெல், வீசல் என்னும் இரு அறிஞர்கள் பூனைக்குட்டியின் ஓர் இமையைத் தைத்து மூடிவைத்தனர். சில வாரங்களுக்குப் பின் திறந்தபோது, மூளையின் பார்வைப் பகுதியில் இருந்த செல்கள் அந்தக் கண்ணுக்கு ஏறக்குறையப் பதிலே தரவில்லை. வளர்ந்த பூனைக்கு இத்தீங்கு நேரவில்லை. 1963-இல் வெளியான இந்த ஆய்வு, 1981-இல் அவர்கள் நோபல் பரிசு பெறத் துணைநின்றது.

ஆகவே காலம் தாழ்த்தலாகாது. ஆனால் ஆறு மாதக் குழந்தையிடம் எழுத்தைப் படிக்கச் சொல்ல முடியுமா? மூளையிடமே கேட்க வேண்டியதுதான்.

அப்படிக் கேட்கலாம் என்பதற்கு முதல் தடயம் 1875-இல் கிடைத்தது. லிவர்பூல் நகர மருத்துவர் ரிச்சர்டு கேட்டன், முயலின் கண்ணில் ஒளி பட்டபோது மூளையின் மின்னோட்டம் மாறுவதைக் கண்டார். மனித மூளையின் மின்னலைகளை ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்டார். (கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல்தான்!) ஆனால் கண் எழுப்பும் அலை சில மைக்ரோவோல்ட் மட்டுமே. மூளையின் இடைவிடாத இரைச்சலில் அது மூழ்கிவிடும்.

வண்டி நின்று சரியாக ஒரு விநாடி கழித்து, யாரோ ஒருவர் நடைமேடைத் தூணை மெல்லத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறையில் அது காதில் விழாது. நூறு முறை ஒலிப்பதிவு செய்து, வண்டி நின்ற கணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுங்கள். ஒழுங்கற்ற கூச்சல் தேய்ந்துபோகும். தட்டும் ஒலி எழுந்து நிற்கும். லண்டனில் ஜார்ஜ் டாசன் 1951-இல் இதையே மின்தேக்கிகளும் சுழலும் சுவிட்சும் கொண்ட கருவியால் செய்துகாட்டினார்.

இன்று கணிப்பொறி அவ்வேலையைச் செய்கிறது. குழந்தை தாயின் மடியில் அமர்ந்து, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இடம் மாறும் திரையைப் பார்க்கிறது. ஒரு கண் மூடப்பட்டிருக்கும். பின்தலையில் ஒட்டிய மின்வாய், ஏறத்தாழ 100 மில்லிவிநாடியில் எழும் மேட்டைப் பதிவுசெய்கிறது. சோம்பேறிக் கண்ணில் அம்மேடு தாழ்ந்திருக்கலாம். சற்றுத் தாமதமாகவும் வரலாம். கட்டங்களைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், எந்த அளவுவரை மூளை பதில் தருகிறது என்பதும் தெரியும்.

ஊசி இல்லை, வலி இல்லை. இருந்தும் குழந்தை திரையைப் பார்க்காமல் அழுதால் பதிவு கெடும். இச்சோதனையை மட்டும் வைத்து மருத்துவர் முடிவுசெய்வதில்லை. பேசத் தெரிந்த பிள்ளைகளுக்கு எழுத்துப் பலகையே பெரும்பாலும் போதும். சங்கர நேத்ராலயா 1985-இல் தொடங்கிய பார்வை அளவியல் கல்லூரி, பரங்கிமலையில் பல ஆண்டுகள் மாணவர்களைப் பயிற்றுவித்தது. அவர்கள் முதலில் கையில் எடுப்பதும் பலகையைத்தான்.

சிகிச்சையோ இன்னும் பழையது. நல்ல கண்ணை மூடிவைத்து மற்றக் கண்ணை உழைக்கச் செய்யும் முறையை பிரெஞ்சு அறிஞர் பஃபோன் 1743-இலேயே எழுதினார். தேவையானால் கண்ணாடியும் உண்டு. ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் மிகுதி. பிறகும் ஓரளவு கிடைக்கும். உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், இன்று மாலையே நாட்காட்டித் தாளைச் சுவரில் மாட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்லுங்கள். விரலிடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பார்கள், கவனம்!