வெக்டார் படத்தை ராஸ்டராக மாற்றுதல்

கோடுகளையும் வளைவுகளையும் கணக்கீடுகளாகச் சேமிக்கும் வெக்டார் படத்தைப் பிக்சல் கட்டங்களாக மாற்றும் முறை. வெக்டாரை எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது; ராஸ்டர் மங்கும்.

தமிழக அரசு முத்திரை நல்ல சான்று. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் எனப் பரவலாகக் கருதப்படும் அதன் கோபுரத்தில் நுண்ணிய கோடுகள் நெருங்கி நிற்கின்றன. படம் சிறுத்தால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே அச்சளவை முதலில் முடிவு செய்ய வேண்டும்: 300 டிபிஐயில் 2 அங்குலத்துக்கு 600 பிக்சல், 4 அங்குலத்துக்கு 1,200.

இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளில் தேவையான அளவிலேயே நேரடியாக ஏற்றுமதி செய்வது நல்லது. சிறிய படத்தைப் பின்னர் பெரிதாக்கினால் விளிம்புகள் சிதையும். விளிம்பின் படிக்கட்டுத் தோற்றத்தை ஆன்டி-அலியாசிங் குறைக்கும்.

எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் எழுத்துகள் உருமாறக்கூடும். முன்பே அவற்றை வளைகோடுகளாக்க வேண்டும்.

கோட்டுப் படத்துக்குப் பிஎன்ஜி ஏற்றது. ஜேபெக்கில் கோட்டோரங்கள் கலங்கும். மூல வெக்டார் கோப்பை எப்போதும் பத்திரப்படுத்துங்கள்.