வேதாகமத் தமிழும் விசுவாசமும்

இளைஞர்க்கெனத் தற்கால நடையில் அமையும் வேதாகமங்கள் விசுவாசத்தை வளர்க்குமா, குலைக்குமா என்னும் வினா புதியதன்று. அரியாலையை அடுத்துள்ள நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879), வெஸ்லியன் பாதிரியார் பீற்றர் பேர்சிவலுக்கு உதவிய மொழிபெயர்ப்பு இவ்வகையில் நோக்கத்தக்கது.

1850இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு உயர்ந்த இலக்கண நடையை அவாவிநின்றது. சைவப் புலமை கிறிஸ்தவ மறைநூலுக்குப் பயன்பட்டமை அக்காலச் சமயப் பூசல்களினூடே நிகழ்ந்த அரிய கூட்டுறவாகும். எனினும் தென்னிந்தியச் சபைகள் அதனை ஏற்கவில்லை. பப்பிரிசியஸ், இரேனியஸ் ஆகியோரின் தமிழிலே செபிக்கப் பழகிய மக்களுக்கு அது அந்நியமாயிற்று. ஈற்றில், போவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பே நிலைபெற்றது.

இத்தோல்வியைக் கொண்டு, மாற்றமே விசுவாசத்துக்குப் பகையென முடிவுகட்டலாகாது. சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்றதைப் பப்பிரிசியஸ் 'பராபரன்' என்றார். ஐக்கிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்கின்றது. இறைவனைச் சுட்டும் சொல்லே மாறியும் விசுவாசம் மாளவில்லை. இன்று புனிதமெனப் போற்றப்படும் சொற்களும் ஒருகாலத்திற் புதியனவே.

ஆயின், 1850இன் அனுபவம் பிறிதோர் உண்மையையும் உணர்த்துகின்றது. அம்மொழிபெயர்ப்பு அறிஞரை நோக்கி உயர்ந்தது; சபையோரின் நாவிற் பயின்ற வழக்கைப் போதிய அளவு கருத்திற் கொள்ளவில்லை. இளைஞரை உசாவாது எளிமையை மேலிருந்து திணிக்கும் பதிப்புகளும் அக்கதியையே அடையக்கூடும். மொழிமாற்றத்தின் பயன், அதனை யார், யாருக்காக, எவரோடு கூடிச் செய்கின்றனர் என்பதிலேயே தங்கியுள்ளதென நாம் கருதுகின்றோம்.