மாடர்ன் டைனர்

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பாடக்கெட் நகரில் இயங்கும் பழைய சாலையோர உணவகம். அந்நாட்டின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் 1978இல் சேர்க்கப்பட்டது. அதில் இடம்பிடித்த முதல் டைனர் இதுவே.

சாலையோரத்தில் இருக்கும் ஓட்டல் எல்லாம் டைனர் ஆகிவிடாது. பட்டறையில் முழுதாகச் செய்து, சாலை வழியாக இழுத்து வந்து மனையில் இறக்கிவைக்கும் கடைக்கே அந்தப் பெயர் உரியது. இதன் மூதாதை ஒரு குதிரைவண்டி. 1872இல் பக்கத்து ஊரான பிராவிடன்ஸில் வால்டர் ஸ்காட் என்பவர் (நாவலாசிரியர் அல்ல, அச்சகத்தில் வேலை பார்த்தவர்) பத்திரிகை அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தி, ஓட்டல்கள் மூடிய பிறகு இரவுப்பணி ஆட்களுக்கு சாண்ட்விச்சும் காபியும் விற்றார். அசல் கையேந்தி பவன்தான். 1887இல் வூஸ்டர் நகரில் ஆட்கள் உள்ளே ஏறி நின்று சாப்பிடும் வண்டி வந்தது. விடிந்த பிறகும் வண்டிகள் தெருவை அடைத்து நிற்கக் கூடாது என்று நகராட்சிகள் கெடுபிடி செய்யவே, பலர் மனை பிடித்து நிலைகொண்டார்கள். சக்கரம் போயிற்று, வண்டியின் உருவம் போகவில்லை.

தொடக்கத்தில் அது ஆண்களின் இடம். 1920களில்தான் பெண்களை வரவேற்கும் பலகைகளும், கவுன்டர் ஸ்டூலில் ஏறத் தேவையில்லாத தடுப்பு மேசைகளும் பரவலாக வந்தன.

மாடர்ன் டைனர் 1940களின் தொடக்கத்தில் வந்தது. செய்தது மாசசூசெட்ஸ் மாநிலத்து ஜட்கின்ஸ் நிறுவனம். குதிரைவண்டியில் தொடங்கி, பணக்காரர்களின் கார்களுக்குக் கூடு கட்டிய பட்டறை அது. பொருளாதாரப் பெருமந்தத்தில் அந்த வியாபாரம் படுத்ததும் டைனர் பக்கம் திரும்பியது. கார்க் கூடுகளை வரைந்துகொண்டிருந்த ரோலண்ட் ஸ்டிக்னியே 'ஸ்டெர்லிங் ஸ்ட்ரீம்லைனர்' வகையையும் வரைந்தார். அன்றைய அதிவேக ரயில்களின் சாயல்: தோட்டாவைப் போல் ஒரு முனை சரிந்து வளைந்திருக்கும், வெளியே அரக்கு நிறமும் வெண்மஞ்சளும் பூசிய எனாமல் தகடுகள். ஓய்வுபெற்ற ரயில்பெட்டி என்றே பலர் நினைக்கிறார்கள். அது தண்டவாளத்தையே கண்டதில்லை. 1942இல் ஜட்கின்ஸ் மூடப்பட்டது. அந்த வகையில் எஞ்சியவை மிகச் சில. இன்னொன்று சேலத்தில் நிறுவப்பட்டது (மாசசூசெட்ஸ் சேலத்தில்).

பாடக்கெட் ஆலை ஊர். 1793இல் எழுந்த ஸ்லேட்டர் ஆலை, அமெரிக்காவில் நீர்விசையால் பருத்தி நூற்ற முன்னோடி. இத்தகைய ஊரில் விடியற்காலைச் சாப்பாட்டுக்கடையின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டெக்ஸ்டர் தெருவில் கடை முதலில் இருந்த மனையை நகரச் சீரமைப்பு விழுங்கியது. இடிப்பதற்குப் பதில், 1984இல் பெட்டியை அப்படியே பெயர்த்து ஈஸ்ட் அவென்யூவில் ஒரு பழைய வீட்டோடு ஒட்டிவைத்தார்கள். வண்டியாகப் பிறந்ததன் பலன்.

இப்போது காலையும் மதியமும்தான் அடுப்பு எரிகிறது. சுவரெங்கும் அன்றைய சிறப்புப் பண்டங்களைக் கையால் எழுதிய தாள்கள். பேர்போனது கஸ்டர்டும் பழங்களும் சேர்த்துத் தரும் பிரெஞ்ச் டோஸ்ட்.