விலைச்சீட்டும் வரிசைச்சீட்டும்

சென்னையிலிருந்து ஆவடிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், பெரம்பூருக்கும் அம்பத்தூருக்கும் இடையே இருக்கிறது வில்லிவாக்கம். உழைப்பாளர் வாழும் ஊர். அந்த ஊருக்கு 1980-களின் பிற்பகுதியில் ஒரு புதுப்பெயர் சூட்டப்பட்டது: 'கிட்னிவாக்கம்'! நெல் விளைந்தால் நெல்லால் பெயர் வரும். நெசவு நடந்தால் நெசவால் பெயர் வரும். இந்த ஊருக்கோ, ஏழையின் விலாப்புறத்திலிருந்து அறுத்தெடுத்து விற்கப்பட்ட சிறுநீரகத்தால் பெயர் வந்தது.

அந்தப் பெயரைக் கேட்டு நாணுவது மட்டும் போதாது, தோழர்களே! அது எப்படி வந்தது, அதற்கு மருத்துவர்கள் என்ன நியாயம் சொன்னார்கள், அதை மாற்ற என்ன செய்தார்கள் என்பதை நாம் அறிந்தாகவேண்டும். உயிர் காக்கும் பொருள் ஒன்று, கேட்போர் நூறு என்றால், யாருக்குக் கொடுப்பது? இதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி முதன்முதலில் உலகின் காதில் உரக்க விழுந்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரில். 1960-இல் அங்கே டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர் நோயாளியின் கையிலேயே பொருத்தி வைக்கத்தக்க குழாய் ஒன்றைக் கண்டார். அதுவரை சில நாட்களே கைகொடுத்த இரத்தச் சுத்திகரிப்பு எந்திரம், அதன்பின் ஆண்டுக்கணக்கில் உயிர் காக்கத் தொடங்கிற்று. ஆனால் எந்திரங்கள் சில; நோயாளிகள் பலர். மருத்துவர்கள் உடல்நிலை பார்த்துச் சலித்தெடுத்த பிறகு, எஞ்சியவர்களில் யார் வாழ்வது என்று தீர்ப்பளிக்க ஏழு பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. வழக்கறிஞர், பாதிரியார், வங்கியாளர், இல்லத்தரசி, அரசு அதிகாரி, தொழிலாளர் தலைவர், அறுவை மருத்துவர் - இவர்களே அந்த எழுவர். அவர்கள் பெயரும் வெளியிடப்படவில்லை. வருமானம் என்ன, மணமானவரா, மாதா கோயிலுக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்த்தார்கள். கோயிலுக்குப் போகிறவன் இரத்தத்தைத்தான் எந்திரம் கழுவுமா? போகாதவன் இரத்தம் கண்டால் நின்றுவிடுமா? 1962-இல் 'லைஃப்' இதழ் இதை ஊரறியச் செய்தபோது, 'கடவுள் குழு' என்ற கேலிப்பெயரே அதற்கு நிலைத்தது. பத்தாண்டு கழித்து, 1972-இல், அமெரிக்க அரசே இச்சிகிச்சையின் செலவை ஏற்கச் சட்டம் வந்தது. எந்திரங்கள் பெருகின, கடவுள் குழுவுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

நம் நாட்டிலோ குழுவும் இல்லை, அரசு ஏற்பும் இல்லை. பணப்பையே நீதிபதியாக அமர்ந்தது. 1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்தது. தாய் மகனுக்குக் கொடுத்தாள். தம்பி அண்ணனுக்குக் கொடுத்தான். 1980-களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்தது. உறவில்லாதவர் உறுப்பையும் உடல் ஏற்கும் வாய்ப்பு அதனால் பெருகிற்று. அறிவியல் அளித்த அந்த வரத்தைச் சந்தை தனதாக்கிக் கொண்டது. அண்ணன் தம்பியைத் தேடுவதை விடத் தரகனைத் தேடுவது எளிதாயிற்று.

சிபிச் சக்கரவர்த்தி ஒரு புறாவுக்காகத் தன் சதையை அரிந்து தராசில் இட்டான் என்று கதை சொல்வார்கள். கதையில் அரிந்து கொடுத்தவன் அரசன்; பிழைத்தது புறா. வில்லிவாக்கத்தில் கதை தலைகீழாயிற்று. புறாவே தன் சதையை அரிந்து தராசில் இட்டது. பணம் படைத்தவன் பிழைத்தான். தராசைப் பிடித்தவன் தரகன்!

வாங்கியவனும் சாவின் வாயிலில் நின்றவனே. அவனைக் கொடியவன் என்று நாம் கூறவில்லை. அவனை வாங்க வைத்த ஏற்பாட்டையே கேள்வி கேட்கிறோம்.

சென்னை மருத்துவர்கள் இதில் இரு கூறாகப் பிரிந்து நின்றார்கள். சிறுநீரக அறுவை மருத்துவரான டாக்டர் கே. சி. ரெட்டி ஒரு பக்கம். நோயாளியைச் சாகவிடுவது அறமா, கொடுப்பவனுக்கு முறையாக வெகுமதி அளித்து, அவன் உடல்நலத்தையும் காத்தால் இருவருமே பயனடைவார்களே என்பது அந்தப் பக்கத்தின் வாதம். சிறுநீரகவியல் வல்லுநர் டாக்டர் எம். கே. மணி எதிர்ப்பக்கம். இது ஏழையைச் சுரண்டுவது. விலைக்குக் கிடைக்கும்வரை உறவினர் கொடுக்க முன்வரமாட்டார்கள், இறந்தோர் உறுப்பைப் பெறும் முறையும் வளராது என்பது இந்தப் பக்கத்தின் வாதம்.

வாதத்தை வாதத்தால் மட்டும் தீர்க்க முடியாது. பகுத்தறிவாளர் கேட்பது சான்று! அந்தச் சான்று 2001-இல் திரட்டப்பட்டது. சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் நேரில் கண்டு ஆய்ந்தார்கள்; முடிவு 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். பத்தில் ஏழு பேர் பெண்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நான்கில் மூன்று பேர் அப்போதும் கடனாளிகளே! வேறொருவர் விற்க நினைத்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, நூற்றுக்கு 79 பேர் வேண்டாம் என்றார்கள். இருவருக்கும் பயன் என்ற கணக்கு பொய்த்தது. உறுப்பு போயிற்று, உடல்வலு போயிற்று, கடன் மட்டும் போகவில்லை.

இதற்கிடையே, 1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது; 1995-இல் தமிழகம் அதை ஏற்றது. விற்பனை குற்றமாயிற்று. ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. உறவினர் அல்லாதாரும் அன்பினால் கொடுக்கலாம், ஒப்புதல் குழு இசைந்தால் போதும் என்றது அது. முன்பின் அறியாத செல்வர்மீது ஏழைகளுக்குத் திடீரென்று அன்பு சுரந்தது! அந்த அன்புக்குத் தரகன் சாட்சி சொன்னான்.

சந்தையின் பிடியைத் தளர்த்தக்கூடிய மாற்றுவழி பிறந்த ஆண்டு 2008. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெறவும் பகிரவும் அவ்வாண்டு தமிழக அரசு ஆணைகள் பிறப்பித்தது. செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடையாக அளித்தனர். காவல்துறை வழிவிட, அந்த இதயம் 11 நிமிடங்களில் முகப்பேருக்கு வந்து, ஒரு சிறுமியின் மார்பில் துடித்தது. வில்லிவாக்கத்துக்கும் முகப்பேருக்கும் இடையே சில கல் தொலைவுதான். ஓரூரில் உறுப்புக்கு விலை. மற்றோரூரில் விலையில்லாக் கொடை. இடையில் கடந்தது இருபது ஆண்டு!

அத்திட்டத்தின் அமைப்பாளராகப் பணியாற்றியவர் அரசு மருத்துவர் ஜெ. அமலோற்பவநாதன். கொடையினும் பெரியது அங்கே அமைந்த விதி. காத்திருப்போர் பெயர்கள் பொதுப்பட்டியலில் ஏறின. பதிவு செய்த நாளும் இரத்தப் பிரிவும் எழுத்தில் நின்றன. நாட்டு மக்களுக்குப் பொருந்தாதபோதே வெளிநாட்டவருக்கு என்று வகுக்கப்பட்டது. மருத்துவர் நல்லவரா, நோயாளி செல்வரா என்று பார்க்கத் தேவையில்லை. பட்டியலைப் பார்த்தால் போதும். விலைச்சீட்டு இருந்த இடத்தில் வரிசைச்சீட்டு வந்தது.

எனினும் வேலை முடிந்ததா? இல்லை. வெளிநாட்டவருக்கு இதயங்கள் சென்ற முறைபற்றி 2018-இல் ஐயங்கள் எழுந்தன. 2025-இல் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்தி வெடித்தது. வில்லிவாக்கத்தின் பழைய கதை, வேறொரு ஊரின் பெயரில்! வரிசைச்சீட்டு கிழிந்த இடத்தில் விலைச்சீட்டு முளைக்கும் என்பதே இதன் பாடம்.

இன்னொரு பாடமும் உண்டு. யாருக்குக் கொடுப்பது என்று கேட்ட மருத்துவரே, கேட்போர் எண்ணிக்கையை ஏன் குறைக்கக்கூடாது என்றும் கேட்டார். டாக்டர் மணி தொடங்கிய சிறுநீரக உதவி அறக்கட்டளை, சென்னைக்கு அருகே கிராமங்களில் வீடுவீடாகச் சென்று நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் கண்டறிந்து, மலிவான மாத்திரைகளால் கட்டுப்படுத்தியது. மாற்று அறுவைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது அற்பத்தொகை.

ஆகவே இளைஞர்களே, உறுப்புக் கொடைக்கு உறுதிமொழி எழுதுங்கள், அது முதற்பணி. பட்டியல் எப்படி நகர்கிறது என்று ஆண்டுதோறும் கேளுங்கள். அது இரண்டாம் பணி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வாயிலிலும் ஆவடிக் குடியிருப்பிலும் பூந்தமல்லிச் சந்தையிலும் இரத்த அழுத்தம் பார்க்கும் முகாம் நடத்துங்கள். அது மூன்றாம் பணி. கடனுக்கு உடலை ஈடு வைக்கும் நிலையை ஒழிப்பது எல்லாவற்றுக்கும் அடிப்படைப் பணி.

இரக்கம் மாறும், ஆள் பார்த்துச் சுரக்கும். எழுதி வைத்த விதி ஆள் பார்க்காது - அதை நாம் காவல் காக்கும்வரை!