கட்டாத அபராதம்: அமெரிக்காவில் ஒரு தண்டனை உடலிலிருந்து வண்டிக்கு நகர்ந்த வரலாறு

ஹூஸ்டன் மாநகர நீதிமன்றத்துக்கு யாரையும் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் இருந்ததில்லை. டெக்சாஸ் சட்டப்படி சாதாரணப் போக்குவரத்துக் குற்றங்களுக்கு அபராதம் மட்டுமே தண்டனை. அப்படியிருந்தும் அந்த நீதிமன்றம் ஒருவரை நகராட்சியின் சிறைப் பண்ணைக்கு அனுப்பியது. ஒன்பது போக்குவரத்துக் குற்றங்களுக்காக அவர்மேல் விழுந்த அபராதம் மொத்தம் 425 டாலர். கிடைத்த வேலையைச் செய்து வாரத்துக்கு 25 முதல் 60 டாலர் வரை சம்பாதித்துவந்தார். முன்னாள் படைவீரர் என்பதால் மாதம் 104 டாலர் அரசிடமிருந்து வந்தது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவரை நம்பியிருந்தார்கள். கட்ட வழியில்லை என்றார். நாளுக்கு 5 டாலர் வீதம் பண்ணையில் இருந்து கழிக்க வேண்டும் என்றது சட்டம். கணக்குப் போட்டால் 85 நாள்.

21 நாள் உள்ளே இருந்துவிட்டுப் பிணையில் வெளியே வந்தவரின் வழக்குதான் 'டேட் எதிர் ஷார்ட்'. 1971 மார்ச் 2 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரே குற்றத்துக்குப் பணம் உள்ளவர் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவதும், இல்லாதவர் சிறைக்குப் போவதும் சட்டத்தின் முன் சமம் ஆகாது என்பது நீதிபதி வில்லியம் பிரென்னன் எழுதிய தீர்ப்பின் சாரம். தவணையில் வசூலிப்பது போன்ற வேறு வழிகள் அரசுக்கு இருக்கின்றன என்றும் அவர் சுட்டினார். வசதி இருந்தும் கட்ட மறுப்பவரைச் சிறையில் அடைப்பதை மட்டும் தீர்ப்பு தடுக்கவில்லை.

அந்த ஒரு விலக்கு பின்னாளில் எவ்வளவு அகலமாகத் திறந்துகொண்டது என்பதைப் பார்க்கும்போதுதான் கட்டாத அபராதத்தின் வரலாறு பிடிபடுகிறது. என் வாதம் இதுதான்: கடந்த அரை நூற்றாண்டில் அமெரிக்க நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் ஒரு கதவை அடைத்த போதெல்லாம், கட்டாமைக்கான தண்டனை ஒழியவில்லை, இடம் மாறியது. உடலைத் தொடக்கூடாது என்றதும் ஓட்டுநர் உரிமத்தைப் பிடித்தது. உரிமத்தை விடு என்றதும் வண்டியைப் பிடித்தது. இந்த மூன்றும் வரிசை பிசகாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை அல்ல. பல ஊர்களில் மூன்றும் ஒரே ஆளை ஒரே நேரத்தில் நெருக்கின.

1983இல் 'பியர்டன் எதிர் ஜார்ஜியா' வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஓர் அடி முன்னே போனது. அது போக்குவரத்து வழக்கே அல்ல, திருட்டு வழக்கு. நன்னடத்தைக் காலத்தில் இருந்தவர் வேலை போனதால் அபராத பாக்கியைக் கட்ட முடியாமல் சிறைக்கு அனுப்பப்பட்டார். பெற்றோரிடம் கடன் வாங்கி 200 டாலர் கட்டியிருந்தார், மீதிக்கு வழியில்லை. சிறைக்கு அனுப்பும் முன், ஏன் கட்டவில்லை என்று நீதிபதி விசாரித்தே ஆகவேண்டும் என்றார் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். வேண்டுமென்றே கட்டாமல் இருக்கிறாரா, கட்ட முடியாமல் இருக்கிறாரா என்பதே அந்த விசாரணையின் கேள்வி. கேட்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான வழக்குகளைத் தள்ளிவிடும் சிற்றூர் நீதிமன்றங்களில் அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் கிடைக்கவில்லை.

கேள்வியைத் தவிர்க்க ஒரு சுலபமான வழியும் இருந்தது. கட்டாததற்குத் தண்டிக்கத்தானே தடை? தேதியன்று ஆஜராகாததற்குத் தண்டிக்கலாமே. மிசௌரி மாநிலத்தின் பெர்குசன் நகரம் இந்த வழியை ஒரு நிர்வாக முறையாகவே நடத்தியது. 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்ற பிறகு மத்திய நீதித்துறை அந்த ஊரின் கணக்குகளைத் தோண்டியது. 2015 மார்ச்சில் வெளிவந்த அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு பெண்ணின் கதையில்தான் நின்றுவிடுகிறேன்.

2007இல் அந்தப் பெண் ஒரே ஒரு முறை காரைத் தவறான இடத்தில் நிறுத்தினார். இரண்டு சீட்டுகள் எழுதினார்கள். அபராதம் 151 டாலர், அதன்மேல் கட்டணங்கள். கையில் பணமில்லை. இடையில் தங்க வீடும் இல்லாமல் சில காலம் அலைந்தார். 2010க்குள் தேதிக்கு வராததற்கும் தவணை தவறியதற்கும் அவர்மேல் ஏழு 'ஆஜராகாத' குற்றங்கள் பதிவாயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரண்ட், ஒவ்வொன்றுக்கும் புதிய அபராதம். இரண்டு முறை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தார். ஒரு முறை 25 டாலரும் இன்னொரு முறை 50 டாலரும் அனுப்பிப் பார்த்தார். முழுத் தொகை இல்லாவிட்டால் வாங்கமாட்டோம் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. அதில் ஒரு மணி ஆர்டரை வரவு வைத்துக்கொண்டதும் மனமிரங்கி அல்ல: பணத்தை மறுத்து எழுதிய கடிதம் முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது, அதனால் வைத்துக்கொண்டார்கள். 2014 டிசம்பர் வரை அவர் கட்டியது 550 டாலர். அதற்குப் பிறகும் பாக்கி 541 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழிக்கு இதைவிடக் கொடிய உதாரணத்தை நான் கண்டதில்லை.

அவர் ஒருவர் மட்டுமல்ல. சுமார் 21,000 பேர் வாழும் ஊரின் நீதிமன்றத்தில் 2014 இறுதியில் 16,000க்கும் மேற்பட்டவர்கள்மேல் வாரண்டுகள் நிலுவையில் இருந்தன. ஊர்வழியே போகும் வெளியூர்க்காரர்களும் இதில் அடக்கம். மக்கள்தொகையில் 67 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர், சீட்டு எழுதப்பட்டவர்களில் 90 சதவீதமாக இருந்தார்கள். 2015ஆம் ஆண்டு பட்ஜெட்டில் எதிர்பார்த்த 1.33 கோடி டாலர் பொது வருவாயில் 30 லட்சத்துக்கும் மேல் அபராதங்களிலிருந்து வரவேண்டும் என்று நகராட்சி எழுதிவைத்திருந்தது. விற்பனை வரி குறைகிறது, சீட்டு எழுதுவதைக் கூட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வசூல் ஏறாது என்று நிதி அலுவலர் காவல்துறைத் தலைவருக்கு 2010இலேயே எழுதியிருக்கிறார். சாலைப் பாதுகாப்புக்கான அபராதம் ஊரின் பற்றுவரவுக் கணக்கை நிரப்பும் வேலையில் இறங்கிய பிறகு, கட்ட முடியாதவரிடம் ஏன் என்று கேட்கும் மனம் எங்கிருந்து வரும்?

மிசௌரிக்கு இது தெரியாத நோயும் அல்ல. மேக்ஸ் கிரீக் என்ற சிற்றூர் நெடுஞ்சாலையில் போவோர் வருவோரிடம் வாங்கிய அபராதத்திலேயே பிழைப்பு நடத்தியதைப் பார்த்து, 1990களின் நடுவில் அபராத வருவாய்க்கு 45 சதவீத உச்சவரம்பு விதித்திருந்தார்கள். படிப்படியாகக் குறைந்து அது 30 ஆனது. பெர்குசனுக்குப் பிறகு 2015இல் 20 ஆனது.

இனி உரிமத்துக்கு வருவோம். சிறையைவிட இது நாகரிகமான வழி என்று பலர் உண்மையிலேயே நம்பினார்கள். யாரையும் அடைக்க வேண்டாம், போலீஸ் அனுப்ப வேண்டாம். நீதிமன்றத்தின் கணினி மோட்டார் வாகனத் துறையின் கணினிக்குச் செய்தி சொன்னால் போதும், உரிமம் முடங்கிவிடும். 2017 வாக்கில் 43 மாநிலங்கள் நீதிமன்ற பாக்கிக்காக உரிமத்தை முடக்கிக்கொண்டிருந்தன. பேருந்து போகாத புறநகரில் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாமல் பாக்கியைக் கட்ட முடியாது. முடக்கிய உரிமத்தோடு ஓட்டிப் பிடிபட்டால் அது அபராதத்தோடு நிற்காது, சிறைக்குரிய தனிக் குற்றம். 1971இல் உச்ச நீதிமன்றம் அடைத்த கதவுக்கு ஒரு பின்வாசல் இப்படித்தான் உருவானது.

கலிபோர்னியாவின் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே 100 டாலர் அபராதம் என்று சட்டத்தில் இருப்பது, நீதிமன்றக் கட்டடம் முதல் அவசர மருத்துவ நிதி வரை பல கூடுதல் வரிகள் ஏறி 490 டாலர் ஆனது. கெடு தவறினால் 815. 2015இல் சட்ட உதவி அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையின்படி அந்த மாநிலத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உரிமம் இப்படி முடங்கிக் கிடந்தது. 2017 ஜூனில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டம், அபராதம் கட்டாததற்காக உரிமத்தை முடக்குவதை அங்கே நிறுத்தியது. நியூயார்க், வர்ஜீனியா உள்ளிட்ட பல மாநிலங்கள் அடுத்த சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தன.

பார்க்கிங் சீட்டின் பாதை சற்று வேறு. 1935 ஜூலையில் ஓக்லஹோமா நகரத்தில் முதல் பார்க்கிங் மீட்டர் நடப்பட்ட பிறகு சீட்டுகள் பெருகின, கட்டாதவர்களும் பெருகினார்கள். டென்வரில் சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்துவந்த பிராங்க் மாரக் என்பவர் கைவேலையிலும் கெட்டிக்காரர். சக்கரத்தைச் சுற்றிக் கவ்வி, திருகாணியை மூடி மறைத்துப் பூட்டும் கனத்த உலோகப் பூட்டு ஒன்றைச் செய்துகொடுத்தார். 1955 தொடக்கத்தில் டென்வர் போலீஸ் அதைப் பூட்ட ஆரம்பித்தது. காரை இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம், காவல் வைக்கவும் வேண்டாம். நின்ற இடத்திலேயே கார் பணயமாகிவிடும். மக்கள் அதற்கு 'டென்வர் பூட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

நியூயார்க் 1970இல் பார்க்கிங் வழக்குகளைக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து எடுத்துத் தனி நிர்வாக அலுவலகத்திடம் கொடுத்தது. இனி அது குற்றமில்லை, வெறும் கடன். நல்ல சீர்திருத்தம் என்றே சொல்வேன். ஆனால் கடன் என்றானதும் வசூல் ஒப்பந்தம் ஒரு வியாபாரமானது. 1986இல் அந்த ஒப்பந்தங்களில் லஞ்சம் புரண்டது வெடித்து, குவீன்ஸ் பகுதித் தலைவர் டொனால்ட் மேனிஸ் தற்கொலை செய்துகொண்டார். பிராங்க்ஸ் பகுதியின் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஸ்டான்லி பிரீட்மேன் சிறைக்குப் போனார்.

சிகாகோவில் மூன்று தண்டனைகளில் கடைசியானது முற்றிய வடிவத்தில் தெரிகிறது. நகராட்சியின் வாகன வரி ஸ்டிக்கர் ஒட்டாத காருக்கு 200 டாலர் சீட்டு. தாமதித்தால் அது இரட்டிப்பாகி, அதன்மேல் 22 சதவீத வசூல் கட்டணமும் ஏறி 488 ஆன காலம் இருந்தது. மூன்று சீட்டுகள் சேர்ந்தால் சக்கரத்தில் பூட்டு, பிறகு நகராட்சியின் யார்டுக்கு இழுவை. வண்டியை மீட்க ஏழைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: மத்திய திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயம். மனு கொடுத்தால் கடன் கொடுத்தவர்கள் கை வைக்கக்கூடாது, பாக்கியைச் சில ஆண்டுத் தவணையில் கட்டலாம். 2007இல் சுமார் ஆயிரமாக இருந்த இத்தகைய மனுக்கள் 2017இல் பத்தாயிரத்தைத் தாண்டியதைப் பத்திரிகையாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். நகராட்சி, மனு கொடுத்தாலும் காரை விடமாட்டோம் என்றது. 2021 ஜனவரியில் 'சிகாகோ நகரம் எதிர் ஃபுல்டன்' வழக்கில் உச்ச நீதிமன்றம், வண்டியை வெறுமனே வைத்திருப்பது அந்தத் தடையை மீறியதாகாது என்று சொல்லிவிட்டது. தீர்ப்புடன் உடன்பட்ட நீதிபதி சோனியா சோடோமேயர் தனியாக எழுதிய குறிப்பில், கார் இல்லாவிட்டால் வேலையும் பிள்ளையின் பள்ளியும் கைவிட்டுப்போகும் குடும்பங்களை நினைவூட்டினார். அதே காலத்தில் இல்லினாய் மாநிலம் பார்க்கிங் பாக்கிக்காக உரிமத்தை முடக்குவதை 2020 ஜூலையிலிருந்து நிறுத்தியிருந்தது. உரிமம் கைக்கு வந்தவரின் கார் யார்டில் நின்றது.

மாற்றம் வந்த இடமும் உண்டு. கலிபோர்னியா 2022இல் கெடு தவறியவர்மேல் விதிக்கும் 300 டாலர் கூடுதல் அபராதத்தை 100ஆகக் குறைத்தது. சில மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கிய இணையவழி மனுவை 2024 நடுப்பகுதிக்குள் எல்லா நீதிமன்றங்களுக்கும் கொண்டுவர 2021ஆம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்தது. போக்குவரத்துச் சீட்டு வாங்கியவர் அதில் மாத வருமானத்தையும், வீட்டில் எத்தனை பேர் என்பதையும், அரசு உதவி ஏதும் பெறுகிறாரா என்பதையும் எழுதி, அபராதத்தைக் குறைக்கவோ தவணையாக்கவோ கேட்கலாம். 1983இல் ஓ'கானர் நீதிபதிகளைக் கேட்கச் சொன்ன கேள்வி, வாரண்ட் போகும் முன்பே அந்தப் படிவத்திலேயே கேட்கப்படுகிறது.