புழுங்கலரிசியும் பெரிபெரியும்

நெல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, களத்தில் உலர்த்திய பின்னரே குத்தி அரிசியாக்கும் வழக்கம் தமிழ்நாட்டிலும் மலையாளத்திலும் வங்காளத்திலும் இலங்கையிலும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அவித்த நெல்லில் நொய் குறைவாக விழும், சோறு குழையாது என்று குடும்ப ஸ்திரீகள் அதற்குக் காரணம் சொல்வார்கள். அக்காரணங்கள் மெய்யே, ஆயினும் அவற்றைக் காட்டிலும் பெரியதோர் உபகாரம் அந்த வழக்கத்தில் அடங்கியிருந்தது என்பது, மலாய் நாட்டுக்குப் பிழைக்கப்போன நம் தொழிலாளர்களின் தேகநிலையைக் கொண்டே வைத்தியர்களுக்குப் புலப்படலாயிற்று.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆவியந்திர ஆலைகள் பரவி, பச்சரிசியைத் தவிடு துளியுமின்றி வெண்மையாகத் தீட்டத் தொடங்கிய பிறகு, கிழக்கு ஆசியா எங்கும் பெரிபெரி என்னும் வியாதி பெருகிற்று. கால் மரத்து, தேகம் வீங்கி, இருதயம் சோர்ந்து மனிதர் மடிவார்கள். மலாய் நாட்டு வெள்ளீயச் சுரங்கங்களில், சயாமிலிருந்து வந்த தீட்டிய அரிசியை உண்ட சீனத் தொழிலாளர்கள் இதற்குத் திரள்திரளாக இரையானார்கள். அதே சீதோஷ்ணத்தில் புழுங்கலரிசி உண்டு வாழ்ந்த தமிழர்களை அது அநேகமாகத் தீண்டவில்லை. இந்த வித்தியாசத்தை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற வைத்தியர் கண்டு, 1907இல் நூலாகவே எழுதினார். அரிசியில் விஷம் சேர்வதே காரணம் என்று அவர் கருதியது பிழை. ஆனால் அவர் கண்ட காட்சி பிழையன்று.

அரிசிக்கும் வியாதிக்கும் சம்பந்தம் உண்டா என்று ஐயுற்ற பிளெட்சர் என்ற வைத்தியர், 1905இன் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு பரிசோதனை தொடங்கினார். ஒரு வருஷ முடிவில், தீட்டிய பச்சரிசி உண்ட 120 பேரில் 36 பேருக்குப் பெரிபெரி கண்டு, 18 பேர் மாண்டிருந்தார்கள். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் கண்டவர் இருவரே, அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே அதனுடன் வந்தவர்கள். தங்கள் சம்மதத்தைச் சொல்லவும் இயலாத அந்த நோயாளிகளின் உயிரை விலையாகக் கொடுத்தே இவ்வுண்மை கிடைத்தது என்பதை நினைக்கும்போது என் நெஞ்சம் நடுங்குகிறது.

ஜாவாவில் எய்க்மன் என்ற வைத்தியர் கோழிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து, தவிட்டில் உயிருக்கு இன்றியமையாத ஏதோ ஒரு சத்து உண்டென்று கிரைன்ஸ் என்பவர் 1901இலேயே கூறியிருந்தார். பிற்காலத்தில் தயமின் என்று பெயர் பெற்ற அந்தச் சத்து நீரில் கரைவது. நெல் ஊறி அவியும்போது அது தவிட்டிலிருந்தும் முளையிலிருந்தும் நீரோடு அரிசியின் உள்ளே புகுகிறது. மாவுச்சத்து வெந்து இறுகும்போது உள்ளேயே தங்கிவிடுகிறது. அதன் பிறகு ஆலை எவ்வளவு தீட்டினாலும் அச்சத்து முழுவதும் போவதில்லை.

உண்ட சோற்றிலிருந்து இச்சத்து சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தோடு சென்று, உயிரணுக்களில் பாஸ்பேட்டுடன் சேர்ந்து, அதே சோற்றிலிருந்து பிறந்த சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க உதவுகிறது. இது குறைந்தால் சர்க்கரை பாதி எரிந்த நிலையில் பைருவிக் அமிலமாகத் தேங்கி, நரம்பும் இருதயமும் தளர்கின்றன. தேகம் சேமித்து வைப்பதோ ஏறக்குறைய 30 மில்லிகிராம்தான். சில வாரங்களில் அது தீர்ந்துவிடும். சோறு மிகுந்தால் இச்சத்தின் தேவையும் மிகும் என்பதனால், வயிறு நிறையத் தீட்டிய வெள்ளைச் சோறு உண்டவனே விரைவில் வீழ்ந்தான். இந்தக் கொடுமையை எண்ணி வருந்தாமல் இருக்க முடியவில்லை.

புழுங்கலுக்கும் தீட்டிய பச்சரிசிக்கும் உள்ள இவ்வேற்றுமை சென்னை மாகாணத்திலேயே தெரிந்தது. ஆலைப் பச்சரிசி உண்ட வடசர்க்கார் எனப்பட்ட தெலுங்கு ஜில்லாக்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிது. 1918இல் குன்னூரில் மக்காரிசன் என்ற வைத்தியர் தொடங்கிய பெரிபெரி விசாரணையே வளர்ந்து போஷணை ஆராய்ச்சி நிலையமாயிற்று. தயமினை 1936இல் செயற்கையாக உருவாக்கிய ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கரும் இம்மாகாணத்து நெல்லூரில் 1886இல் பிறந்தவரே. அந்தக் குன்னூர் நிலையத்தில் அய்க்ராய்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் அரிசியைப் பற்றி 1940இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அடுப்பங்கரை வரையில் சென்றது: தீட்டிய பச்சரிசியைக் களையும்போது எஞ்சிய சத்திலும் பெரும்பகுதி கழுநீரோடு போய்விடுகிறது, கஞ்சி வடித்தால் இன்னும் போகிறது, புழுங்கலரிசியிலோ கழுவுவதால் உண்டாகும் நஷ்டம் மிகக் குறைவு.